ஊசி படுத்துக் கிடக்கும் ஊர்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று வீட்டில் சொல்வார்கள். அலுவலகத்திலும் சொன்னார்கள்; என் காதுக்கு எட்டாத தூரத்தில் நின்று சொன்னார்கள். வரைபடப் பிரிவில் இருந்த ஒரே பெண் நான். யாராவது என் தாளின் மேல் தேத்தண்ணிக் கோப்பையை வைத்தால், அவர் பெரியவரா சின்னவரா என்று பார்க்க மாட்டேன், திட்டிக் கிழித்துவிடுவேன். அப்படிப்பட்ட நான், எதிர் மேசையில் இருந்த ஒரு மனிதரிடம் மட்டும் குரலை உயர்த்தியதில்லை, ஒரே ஒரு தரம் தவிர. பயத்தால் அல்ல. அவர் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தால் கோபம் வர மறந்துவிடும்.

அவர் கிண்ணியாவுக்கு அப்பால், களப்பு என்னும் உப்பேரியின் ஓரத்து ஊரொன்றைச் சேர்ந்த முஸ்லிம். குளிர்நாடு ஒன்றுக்குப் போய், நிலத்தைத் தோண்டாமலே அதன் உள்ளே என்ன இருக்கிறது என்று கணக்குப் போடும் படிப்பைப் படித்துவிட்டு வந்தவர். அலுவலகம் முழுக்க அவரை ‘நானா’ என்றது. அவர்கள் வழக்கில் அண்ணன் என்று அர்த்தம். நானும் நானா என்றேன். அவர் என்னை ‘மிஸ்’ என்பார்.

எழுபதுகள் முடியப் போகிற காலம் அது. சீனன்குடா விமானத்தளத்தில் ஒரு சின்ன விமானம் வந்து நின்றது. அதன் வாலில் நீளமாக ஒரு குழாய், குழாய்க்குள் காந்தத்தை அளக்கும் கருவி. காலையில் எழும்பி, தென்னை மரத் தலைகளை உரசுவதுபோலத் தாழப் பறந்து தெற்கே போகும். திரும்பிப் பக்கத்தில் இன்னொரு கோடு பிடித்து வடக்கே வரும். வயல் உழுகிற மாதிரித்தான். ஊரில் அதைப் பற்றி வராத கதை இல்லை. கள்ளக் கடத்தல்காரரைப் பிடிக்கிறது என்றார்கள். சல்லிக் கிராமத்தில் மீன் காயவைக்கிற பெண்கள் அது கடலில் மீன் கூட்டம் தேடுகிறது என்று நம்பி, தங்கள் ஆட்களுக்கு முதலில் சொல்லும்படி என்னிடம் கேட்டார்கள். லிங்கநகரில் எங்கள் வீட்டில் அம்மாவுக்கு வேறு வழக்கு.

“உங்கட கந்தோர்ப் பிளேனால என்ட கோழியள் முட்டை போடுதில்லை. போய் மேலதிகாரிட்டச் சொல்லு.”

“மேலதிகாரி கோழியை விமானத்தில ஏத்தச் சொல்லுவார் அம்மா, பரவாயில்லையோ?” என்றேன். அம்மா அகப்பையைத் தூக்கினா.

விமானம் அளந்தது இதைத்தான். நிலத்துக்குக் கீழே உள்ள கற்களில் சிலவற்றில் இரும்புத் தன்மை கூட, சிலவற்றில் குறைவு. கூடிய கல் பூமியின் காந்தத்தைக் கொஞ்சம் அசைக்கும். அந்தக் கொஞ்சம், நீளக் காகிதச் சுருளில் நடுங்கும் கோடாக விழும். சுருள்கள் மூட்டையாக எங்களிடம் வரும். நானா அவற்றைப் படித்து எண்களை எடுப்பார். ஒரே எண் உள்ள இடங்களை நான் கோட்டால் இணைத்து வரைபடம் ஆக்குவேன். துறைமுகத்தைப் பார்த்த பழைய கட்டடம். மேலே காற்றாடி இருந்தும் காகிதம் பறக்கும் என்று அதைப் போட விடமாட்டார்கள். வேர்வை ஒரு சொட்டு விழுந்தால் மை கலைந்து ஒரு நாள் வேலை போய்விடும். கழுத்தில் துவாய் போட்டுக்கொண்டுதான் வரைவேன்.

முதல் சுருள்கள் வந்தபோது சீனன்குடாவுக்கு மேலே கோடு பைத்தியம் பிடித்ததுபோல் துள்ளியிருந்தது. கடவுளே, இரும்புச் சுரங்கமே கிடக்கிறது என்று நான் கதிரையை விட்டு எழும்பிவிட்டேன்.

“பதறாதேங்க மிஸ். அது எண்ணெய்த் தாங்கி” என்றார் நானா. “மனுசன் வச்ச இரும்பு மேலாலதான் கிடக்கும். மேலால கிடக்கிறது ஊசி மாதிரிக் கூரா நிக்கும். ஆழத்தில கிடக்கிற கல்லு அகலமா, ஆறுதலா எழும்பும்.”

அதோடு விடவில்லை. துறைமுகத்துக்குள் ஒரு துள்ளலைக் காட்டி, இது உலக யுத்தத்தில் மூழ்கிப்போன கப்பல் ஒன்று என்றார். எனக்கு அதை நம்ப மனம் வரவில்லை. தேவாலயத்தில் ஞாயிறு பூசை முடிந்து வரும்போது, எங்கள் பங்கைச் சேர்ந்த மீன்பிடிகாரர் ஒருவரிடம் அந்த இடத்தைச் சொல்லிக் கேட்டேன். “அதுக்குள்ள வலை விட ஏலாது பிள்ளை. கீழ என்னவோ கிடக்குது, மாட்டினால் கிழிஞ்சுதான் வரும்” என்றார். நான் மூக்கில் விரலை வைத்தேன். திங்கட்கிழமை நானாவிடம் அதைச் சொன்னபோது அவர் பெருமைப்படவில்லை. “நல்லது மிஸ். ரெண்டாவது அளவு கிடைச்சிட்டு” என்றார்.

இந்த இரண்டாவது அளவு அவருக்கு மார்க்கம் மாதிரி. ஒரு தரம் அளந்தது அளவில்லை. போய்த் திரும்பி வந்து, அதே இடத்தில் இன்னொரு தரம் அளந்து, இரண்டும் ஒத்து வந்தால்தான் அளவு. தேத்தண்ணியைக்கூட ஒரு வாய் குடித்து, பொறுத்து, இன்னொரு வாய் குடித்த பிறகுதான் “சீனி காணாது” என்பார். பெடியன்கள் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள். எனக்கும் சிரிப்புத்தான். ஆனால் அந்த மேசையிலிருந்து தப்பான ஒரு எண் என் மேசைக்கு வந்ததில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

அந்த வருஷம் கச்சான் காற்று நெருப்பாக வீசியது. நானாவின் ஊரில் கிணறு கிணறாக உப்புக் கரிக்கத் தொடங்கியது. களப்பு பக்கத்தில்; நல்ல தண்ணீர் வற்ற வற்ற உப்புத் தண்ணீர் உள்ளே ஏறியது. குடிக்கிற தண்ணீர் மாட்டு வண்டியில் பீப்பாயில் வந்தது. வசதியுள்ள சில குடும்பங்கள் மூதூருக்கும் கிண்ணியாவுக்கும் பெயர்ந்துவிட்டன. அரசாங்கம் ஆழக்கிணறு ஒன்று தோண்டித் தருவதாகச் சொல்லியிருந்தது. துளைக்கும் இயந்திரம் ஒன்றுதான். அது மாவட்டம் மாவட்டமாகச் சுற்றியது. ஊருக்கு ஒரு துளை. நல்ல தண்ணீர் வந்தால் வந்தது, உப்பு வந்தால் மூடிவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விடும். அந்த ஒரு துளையை எங்கே போடுவது என்று குறித்துக் கொடுக்கும் வேலை எங்கள் பிரிவுக்கு வந்தது.

அந்தப் பகுதியின் வரைபடத்தை நான்தான் வரைந்தேன். ஊருக்குக் குறுக்கே, கிழக்கு மேற்காக, நீளமாக ஒரு பள்ளம் தெரிந்தது. நிலத்தில் பள்ளம் இல்லை. காந்தத்தின் அளவு அங்கே தாழ்ந்து போயிருந்தது. அதற்கு வடக்கே களப்புக் கரையோடு ஒரு சிறு மேடு, தெற்கே வயல் முடிகிற இடத்தில் இன்னொரு மேடு. நடுப் பள்ளம் பள்ளிவாசலுக்குக் கீழாகப் போயிற்று. அலுவலக விதிப்படி மேட்டுக்குச் சிவப்பு, பள்ளத்துக்கு நீலம் தீட்டினேன். நீலம் நல்ல வடிவாக வந்தது. எனக்கே அதைப் பார்க்க ஆசையாக இருந்தது.

எங்களுக்கு ஆலோசனை சொல்ல வெளிநாட்டு நிபுணர் ஒருவர் வந்து போவார். வெள்ளைக்காரர், நல்ல மனிதர், என் கோடுகளைப் புகழுகிறவர். அவர் வரைபடத்தைப் பார்த்தவுடன் தெளிவாகச் சொன்னார். பூமி வெடித்த இடங்களில் கறுப்புக் கல் உருகி மேலேறிச் சுவர் மாதிரி உறைந்து நிற்பதுண்டு. அந்தக் கல்லில் இரும்புத் தன்மை அதிகம். ஆகவே இரண்டு மேடு என்றால் நிலத்துக்குக் கீழே இரண்டு சுவர். இரண்டு சுவருக்கும் நடுவே மழைத் தண்ணீர் தொட்டியில் நிற்பதுபோல நிற்கும். வடக்குச் சுவர் களப்பின் உப்பை மறிக்கும். தோண்ட வேண்டிய இடம் நடுவில், பள்ளிவாசல் வளவு.

நானா தாளின் மேல் குனிந்து நெடுநேரம் பார்த்தார். பிறகு, “ரெண்டு இல்லை. ஒரு சுவர்தான்” என்றார். “பள்ளத்துக்குக் கீழ நிக்குது. பள்ளிக்கு நேர கீழ. அது உப்பை மறிக்கும்; தோண்டுறதெண்டா அதுக்குத் தெற்கால, வயல் முடியிற இடத்திலதான்.”

நிபுணர் புன்சிரிப்போடு, இரும்புக் கல் இருக்கும் இடத்தில் அளவு எப்படித் தாழும் என்று கேட்டார். கேள்வி நியாயமானதுதான். எனக்கும் அதே சந்தேகம்.

நானா அலுமாரியிலிருந்து ஒரு தையல் ஊசியை எடுத்தார். காந்தத்தில் உரசிய ஊசி. நடுவில் நூல் கட்டித் தொங்கவிட்டிருந்தார். அது ஆடி அடங்கித் தரைக்குச் சமாந்தரமாக, படுத்த மாதிரி நின்றது.

“நான் படிச்ச நாட்டில இந்த ஊசி மூக்கைக் குத்திக்கொண்டு நிக்கும். அங்க காந்தம் நிலத்துக்குள்ள நேர இறங்குது. இஞ்ச நாங்க பூமிக்கு நடு இடுப்பில இரிக்கிறம். காந்தம் நிலத்தோட படுத்துக் கிடக்குது. அங்க மேடு காட்டுற கல்லு இஞ்ச பள்ளம் காட்டும். ரெண்டு பக்கத்திலயும் சின்ன மேடு எழும்பும். அந்த மேட்டுக்குக் கீழ ஒண்டுமில்லை.”

நான் ஊசியையே பார்த்துக்கொண்டு நின்றேன். அத்தனை வருஷம் சிவப்பும் நீலமும் தீட்டிய எனக்கு, எங்கள் ஊரில் ஊசி படுத்துக் கிடக்கிறது என்று யாரும் சொல்லித் தரவில்லை. நிபுணரும் ஊசியைத் தொட்டுப் பார்த்தார். வரைபடங்களைப் படிக்க அவர் கொண்டு வந்த மாதிரிப் படங்கள் எல்லாம் குளிர்நாட்டில் போட்டவை. அது அவருக்கும் தெரியும். ஆனாலும் இரண்டு சுவர் இருக்கக்கூடாது என்று சட்டமா என்றார். அதுவும் சரிதான். வரைபடம் இரண்டு விதமாகவும் கதை சொல்லக்கூடியதாக இருந்தது.

யார் சரியென்பது தண்ணீரின் விஷயம். நிபுணர் சரியென்றால், நானா காட்டுகிற தெற்கு இடத்தில் தோண்டினால் கல்லில் முட்டும். நானா சரியென்றால், பள்ளி வளவில் தோண்டினால் கல்லில் முட்டும். துளையோ ஒன்று.

ஊராருக்குச் சொல்ல வேண்டும் என்று நானாவும் நானும் வரைபடத்தை எடுத்துக்கொண்டு கிண்ணியாத் துறையில், பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவைப் படகில் ஏறிக் கடந்து போனோம். பள்ளி வளவில் ஆட்கள் கூடியிருந்தார்கள். நானா தாளை விரித்ததுதான் தாமதம், பள்ளித் தலைவர் விரலை நீலத்தின் மேல் வைத்துவிட்டார்.

“மாஷா அல்லாஹ்! தண்ணி எங்கட பள்ளிக்குக் கீழதானே ஓடுது!”

“அது தண்ணி இல்லை, ஹாஜியார். அது...”

“நீலமா இரிக்குதே மனே. ஆறு மாதிரி வளைஞ்சு போகுதே. இதென்ன, எங்களுக்குக் கண் இல்லையா?”

எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். ஒருவர் அழுதே விட்டார். நான் தீட்டிய நீலம் அப்படி வடிவாக இருந்தது. அந்த நேரம் எனக்கு என் கையைப் பிடித்து நானே முறிக்க வேண்டும் போல வந்தது. நானா ஊசியைக் காட்டினார், விளக்கினார். யாருக்குக் காது? வெள்ளைக்காரர் பள்ளியடி என்கிறார், படம் பள்ளியடி என்கிறது, எங்கள் ஊர்ப் பிள்ளை மட்டும் தெற்கே பத்தைக் காட்டுக்குள் போகச் சொல்கிறானே என்றார்கள்.

நானாவுடைய மூத்த சகோதரியின் வீடு பள்ளிக்குப் பின்னால். ராத்தா என்பார் அவர். ராத்தா எங்களுக்குச் சோறு போட்டா. ஆனால் தம்பியின் முகத்தைப் பார்க்கவில்லை. குசினி வாசலில் நிலம் ஒரு இடத்தில் மட்டும் சதுரமாக வெளிறிக் கிடந்தது.

“அதில என்ன இருந்தது?” என்று கேட்டேன்.

“அம்மி” என்றா. “அடுத்த வீட்டு மாமிக்குக் குடுத்திட்டன். நோன்புப் பெருநாள் முடிய நாங்க மூதூருக்குப் போறம், மகனோட இருக்க. போற இடத்துக்குக் கல்லைத் தூக்கிக்கொண்டு போக ஏலுமா? என்ட கல்யாணத்துக்கு உம்மா தந்த அம்மி.” பிறகு தம்பி இருந்த பக்கம் திரும்பாமலே சொன்னா: “பள்ளிக்குக் கீழ தண்ணி கிடக்குது எண்டு ஊரே சொல்லுது. இவர் படிச்சுப்போட்டு வந்து மறிக்கிறார். இவரால ஊர் கலையப் போகுது.”

நானா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். சாப்பிட்டது குறைவு.

திரும்பி வரும் வழியில் பாதையில் நின்றபடி நான் சொன்னேன். “நிறத்தை மாத்துவம் நானா. இன்னொரு படம் வரையிறன். தெற்குப் பக்கத்துக்கு நீலம், பள்ளியடிக்குச் சிவப்பு. அடுத்த கிழமை கொண்டுபோய்க் காட்டுவம். சனம் பின்னாலேயே வரும்.”

“ஏலாது மிஸ்.”

“ஏன் ஏலாது? நீங்கள் சொல்றது உண்மை எண்டால் உண்மையைத்தானே காட்டுறம்!”

“நிறத்தைக் காட்டி இன்டைக்கு நம்ப வச்சா, நாளைக்கு விதிப்படி தீட்டின படத்தை ஆர் நம்புவாங்க?”

அந்த ஒரு தரம்தான் நான் அவரிடம் குரலை உயர்த்தினேன். “ராத்தா அம்மியையே குடுத்திட்டா! நீங்கள் நேர்மை பேசுறீங்கள்!” பாதையில் நின்ற சைக்கிள்காரர் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். நானா தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார். கரையில் இறங்கும்போது சொன்னார்: “இழுப்பை அளப்பம் மிஸ். இழுப்புக்கு ஊசி இல்லை. அது எந்த நாட்டிலயும் கீழதான் இழுக்கும்.”

பூமியின் இழுப்பை, அதாவது ஈர்ப்பை, ஆகாயத்திலிருந்து அளக்க அந்த நாளில் எங்களிடம் வழி இல்லை. நிலத்தில் இடம் இடமாக வைத்துத்தான் அளக்க வேண்டும். கறுப்புக் கல் பாரமானது. பாரமான கல்லுக்கு மேலே இழுப்பு மயிரிழை அளவு கூடும். இரண்டு சுவர் இருந்தால் இரண்டு இடத்தில் கூடும், ஒன்றென்றால் ஒரே இடத்தில். சோதனை இவ்வளவுதான். நிபுணரும், இது நியாயமான சோதனை, முடிவு எதுவானாலும் நான் கையெழுத்துப் போடுகிறேன் என்றார். கருவியைக் கடன் வாங்கித் தந்தவரே அவர்தான். அந்த மனிதரைப் பற்றி இன்றைக்கும் யாராவது குறை சொன்னால் நான் சும்மா இருக்க மாட்டேன்.

கருவி ஒரு சின்னப் பானை அளவு. உள்ளே மெல்லிய சுருள் ஒன்று; ஆள் பக்கத்தில் காலை ஊன்றி வைத்தாலே ஆடும். கச்சானில் அதை வைத்துப் படிப்பது என்றால் சொல்ல வேண்டுமா? களப்புக் கரையிலிருந்து தெற்குப் பத்தை வரை நேர்கோட்டில் குற்றிகள் அடித்தோம். ஒவ்வொரு குற்றியிலும் நானா நிலத்தில் முழங்கால் ஊன்றி, கண்ணைக் கண்ணாடிக் குழலில் வைத்துப் படிப்பார். நான் குடையை விரித்துக் காற்றை மறித்துக்கொண்டு நின்று எண்ணை எழுதுவேன். குடை இரண்டு தரம் மறுபக்கம் புரண்டது. சீலைத் தலைப்பு முகத்தில் அடித்தது. புழுதி பல்லுக்குள் போயிற்று. நான் கச்சானைத் திட்டினேன், குடையைச் செய்தவனைத் திட்டினேன், அரசாங்கத்தைத் திட்டினேன். நானா மட்டும் மூச்சைக்கூட மெல்ல விட்டுக்கொண்டு கிடந்தார். சில குற்றிகளுக்கு ஒருமுறை எழும்பி, தொடங்கிய இடத்துக்குத் திரும்பி நடந்து, அங்கே மறுபடி படித்துவிட்டு வருவார். கருவியின் சுருள் வெயிலில் தளர்ந்ததா என்று பார்க்க. ஊர்ச் சனம் வேலியால் பார்த்துக்கொண்டு நின்றது. எங்கட ஆளுக்கு என்னவோ நடந்திட்டு, போறார் வாறார் என்று ஒரு பெண் சொன்னது என் காதில் விழுந்தது. அவவுக்கு நான் ஒரு பதில் கொடுத்தேன். அதை இங்கே எழுத ஏலாது.

எண்களைத் திருத்தி, கணக்குப் போட்டு, நான் கோட்டை வரைந்தேன். கோடு களப்பிலிருந்து தட்டையாக வந்தது. பள்ளிக்கு நேரே எழும்பியது. பிறகு இறங்கித் தெற்கு வரை தட்டையாகவே போயிற்று. ஒரே ஒரு மேடு. நிபுணர் எதிர்பார்த்த இரண்டு இடத்திலும் ஒன்றும் இல்லை. கடைசித் துண்டை அழித்துவிட்டு இரண்டாம் தரமும் வரைந்து பார்த்தேன். நிபுணர் கோட்டைப் பார்த்தார், நூலில் தொங்கிய ஊசியைப் பார்த்தார், நானாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். சொன்னபடி கையெழுத்தும் போட்டார்.

அலுவலகம் ஒத்துக்கொண்டதே தவிர, ஊர் ஒத்துக்கொள்ளவில்லை. பள்ளித் தலைவர் கடைசியில் சலித்துப்போய்ச் சொன்னார்: “சரி மனே, உன்ட பொறுப்பில தோண்டு. உப்பு வந்தா மறுகா எங்கட முகத்தில முழிக்காத.”

“ஓம் ஹாஜியார்” என்றார் நானா.

இயந்திரம் வந்து சேர்ந்தபோது நோன்பு மாதம். அதை ஒத்திப்போட முடியாது. விட்டால் வேறு மாவட்டத்துக்குப் போய்விடும். தெற்கே வயல் முடிந்து பத்தை தொடங்குகிற இடத்தில் லொறி நின்றது. நாட்கணக்காக இயந்திரம் அலறியது. புழுதி வந்தது, மஞ்சள் மண் வந்தது, உக்கிய கல் வந்தது. கறுப்புக் கல் வரவில்லை. ஒவ்வொரு நாளும் நானா நோன்போடு வெயிலில் நின்றார். உதடு வெடித்திருந்தது. நான் பாதை கடந்து போகும் நாட்களில் அவருக்கு முன்னால் தண்ணீர் குடிக்கக் கூசி, போத்தலைப் பையிலேயே வைத்திருப்பேன்.

தண்ணீர் வந்த அன்று நான் அங்கே நின்றேன். மத்தியானம் திரும்பிய நேரம். இயந்திரத்தின் சத்தம் மாறியது. பிறகு குழாய் வாயால் சேறு பீறிட்டது, சேறு கலங்கலானது, கலங்கல் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தது. வயல் வரம்பால் ஊரே ஓடி வந்தது. வந்து சுற்றி நின்று தண்ணீரைப் பார்த்தது. ஒருவரும் கையை நீட்டவில்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அத்தனை பேரும் நோன்பு. தண்ணீர் நல்லதா உப்பா என்று அந்தக் கூட்டத்தில் ஒருவராலும் குடித்துப் பார்க்க முடியாது. இயந்திரக்காரர் ஒரு கை அள்ளிக் குடித்து, நல்ல தண்ணீர் என்று தலையாட்டினார். அவரை யாரும் நம்பவில்லை. வேலையை முடித்து ஊருக்குப் போக நிற்கிற மனிதர், வேறு என்ன சொல்வார்? அலுவலகத்துக்குப் போத்தலில் அனுப்பிப் பரிசோதிக்கலாம். முடிவு வரும்வரை ஊர் பொறுக்குமா?

“நாக்கில வச்சுப் பார்த்திட்டுத் துப்பலாம்” என்றார் பள்ளித் தலைவர். “தேவைக்குச் செய்தா குற்றமில்லை. நீயே பாரு மனே.”

நானா மாட்டேன் என்று தலையை ஆட்டினார். இத்தனை மாதம் அவமானப்பட்டவர், அதைத் தொட்டுப் பார்க்க முதல் உரிமை அவருக்குத்தானே?

“என்ட நாக்கை நம்ப ஏலாது ஹாஜியார். விடியமுந்தியில இருந்து காஞ்சு கிடக்கிற நாக்கு, எந்தத் தண்ணியையும் நல்ல தண்ணி எண்டுதான் சொல்லும். உங்கட நாக்கும் அப்பிடித்தான்.” அவர் என் பக்கம் திரும்பினார். “மிஸ் குடிக்கட்டும். அவ நோன்பு இல்லை. பொய்யும் சொல்ல மாட்டா. நல்லாயில்லை எண்டா மூஞ்சையைப் பார்த்தே விளங்கும்.”

அத்தனை கண்ணும் என் மேல் திரும்பியது. மாதாவே, நான் பரீட்சைக்குக்கூட அப்படிப் பயந்ததில்லை. யாரோ தகரப் பேணி ஒன்றைத் தந்தார்கள். நிரப்பினேன். தாகத்தில் இருந்த கூட்டத்துக்கு நடுவில் நின்று தண்ணீர் குடிப்பது பாவம் போல இருந்தது. ஒரு வாய் குடித்தேன். மண் வாசம். துரு வாசம். குளிர். உப்பு இருக்கிறதா என்று நாக்கு முழுக்கத் தேடினேன். நானா என்னைப் பார்க்கவில்லை, தன் காலடியைப் பார்த்துக்கொண்டு நின்றார். கொஞ்சம் பொறுத்தேன். பிறகு இன்னொரு வாய் குடித்தேன்.

“உப்பில்லை!” என்றேன். அது வாயிலிருந்து கத்தலாகத்தான் வந்தது. “உப்பே இல்லை! நல்ல தண்ணி!” என்று சொல்லிக்கொண்டே மிச்சத்தையும் குடித்துவிட்டேன். கன்னத்தால் ஓடியது தண்ணீரா கண்ணீரா என்று எனக்கே தெரியாது. ‘அல்லாஹு அக்பர்’ என்று தக்பீர் முழக்கம் எழும்பியது. பள்ளித் தலைவர் நானாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

கூட்டத்துக்குப் பின்னால் ராத்தா நின்றா. கிட்ட வந்து, என் நாடியைப் பிடித்து முகத்தைத் தன் பக்கம் திருப்பினா.

“உண்மையைச் சொல்லு மகள். என்ட தம்பிக்காகச் சொல்லயில்லையே?”

“ராத்தா, அவருக்காகப் பொய் சொல்ல அவரே விடமாட்டார்” என்றேன்.

அன்று எனக்குக் கடைசிப் பாதைக்கு நேரம் இருந்தது. போக மனம் வரவில்லை. ராத்தா வீட்டு முற்றத்தில் பாய் விரித்து, கஞ்சியும் பேரீச்சம்பழமும் வைத்திருந்தார்கள். நடுவில் அந்தத் தண்ணீர் ஒரு குடத்தில், மண் அடங்கித் தெளிந்து கிடந்தது. நானா அதன் முன்னால் சம்மணமிட்டு இருந்தார். வெயில் தாழ்ந்து, பள்ளியில் நோன்பு திறக்கிற பாங்கு சொல்லும்வரை அந்த மனிதர் குடத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார், நான் அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நிலத்தைத் தொடாமல், ஆகாயத்தில் போன ஒரு நடுங்கல் கோட்டைப் பார்த்து, ஊர் முழுக்க ஒரு பக்கம் நிற்க, இங்கேதான் என்று சொன்னவர். அந்தப் பொழுதில் அவரை நினைத்து எனக்கு வந்த பெருமையை என் சொந்தத் தம்பியை நினைத்தும் நான் பட்டதில்லை.

பாங்கு கேட்டது. ராத்தா முதல் பேணியைத் தம்பியின் கையில் கொடுத்தா. அத்தனை மாதத்துக்குப் பிறகு அவருடைய முகத்தைப் பார்த்துக் கொடுத்தா. நானா பழத்தைக் கடித்து, ஒரு வாய் குடித்தார். நாங்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தோம். கொஞ்சம் பொறுத்தார். இன்னொரு வாய் குடித்தார். பேணியை மறுபடி நிரப்பி, ராத்தாவிடம் நீட்டினார்.

ராத்தா வாங்கி, அண்ணாந்து, நிறுத்தாமல் குடித்தா. பேணியைக் கீழே வைத்தா. முந்தானையால் வாயைத் துடைத்தா. பிறகு எழும்பி வேலியடிக்குப் போய், அடுத்த வீட்டைப் பார்த்துக் கத்தினா:

“மாமி! என்ட அம்மியைத் தாங்க!”